வகிடு அகலும் வயதில்

45 வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி என்னிடம் வந்து "அக்கா, முடியெல்லாம் போகுது" என்றால், எண்ணெய் பேரும் மாத்திரை பேரும் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். கொட்டுகிறதா, மெலிகிறதா? பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் காரணம் வேறு, செய்ய வேண்டியது வேறு, பொறுத்திருக்க வேண்டிய காலமும் வேறு. இதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிற எந்தப் புட்டியும் வீண் செலவு.

நான் ரங்கூனில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். ஜடை பின்னி, சவுரி வைத்து, ராக்கொடியும் குஞ்சலமும் கட்டிப் பூ முடிப்பதுதான் என் தொழில். பகோ, மோல்மீன் பக்கத்துத் தமிழ்க் கல்யாணங்களுக்கும் போவதுண்டு. மணப்பெண்ணுக்கு வேலை முடிந்ததும் அடுத்து நாற்காலியில் உட்காருகிறவர் அவளுடைய அம்மா. உட்கார்ந்ததுமே கையை உச்சியில் வைத்து மறைத்துக்கொள்வார். எத்தனையோ அம்மாக்களின் உச்சியை நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன். 50 வயதை ஒட்டி என் வகிடும் அகன்றது. தோல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கைப்பழக்கத்தில் தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எது என்று கண்டுபிடிப்பது

கொட்டுவது என்றால் சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் கொத்துக் கொத்தாகக் கிடப்பது. தலை முழுக்க ஒரே மாதிரி குறையும். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்பில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடும் காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தது, வீட்டில் ஒரு சாவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் டெங்கு வந்து எழுந்தவர்கள் தீபாவளி சமயத்தில் முடி கொட்டுகிறது என்று பயந்து வருவது இதனால்தான். காய்ச்சலின்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு ஏறக்குறைய 3 மாதம். அது முடிந்ததும் எல்லாம் சேர்ந்து விழும். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக அடங்கி முடி திரும்ப வளரும். இந்த வகைக்கு நல்ல சாப்பாடும் பொறுமையும் போதும்.

விழுந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருப்பதைக் காட்டி "வேரோடு வருது" என்று அழுதவர்கள் உண்டு. அது வேர் இல்லை. ஓய்வு முடிந்து விழுகிற எல்லா முடியிலும் அந்தக் குமிழ் இருக்கும். முடியை உண்டாக்கும் பை தோலுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருப்பதால், நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது யாருக்கும் சகஜம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தலை சீவுகிறவர்களுக்கு அது மொத்தமாகக் கையில் வரும்போது பயமாகத்தான் இருக்கும்.

மெலிவது வேறு கதை. கையில் முடி அதிகம் வராது. ஆனால் இரண்டு சுற்றுச் சுற்றிய ரப்பர் பேண்ட் மூன்று சுற்றுக்கு வந்திருக்கும். வெயிலில் நின்று எடுத்த போட்டோவில் வகிட்டில் தோல் பளிச்சென்று தெரியும். நெற்றியை ஒட்டிய முன்வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் உச்சி மட்டும் விரியும். லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1977இல் இதை 3 படிகளாகப் பிரித்தார். இன்றைக்கும் மருத்துவர்கள் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். முதல் படியில் வகிடு லேசாக அகலும், இரண்டாவதில் உச்சி நன்றாகத் தெரியும், மூன்றாவதில் உச்சியில் முடியே அரிதாகிவிடும். முதல் படியில் பிடித்தால் பலன் அதிகம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தலை கழுவாத நாளில் 60 முடி அளவுக்கு ஒரு சின்னக் கற்றையை விரல்களுக்கு நடுவில் பிடித்து, வேர்ப் பக்கத்திலிருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். உச்சியிலும் பின்பக்கமும் இரு காதுக்கு மேலும் இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 6க்கு மேல் வந்தால் இப்போது கொட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டுதான் வருகிறது, ஆனால் வகிடு அகலம் என்றால் அது மெலிவு. இரண்டும் சேர்ந்தும் வரும். மெல்ல மெலிந்துகொண்டிருந்த தலையை ஒரு காய்ச்சல் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டிய முடி திரும்பி வந்தும் வகிடு மட்டும் மூடவில்லை என்றால், மெலிவு முன்பே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே சன்னல், ஒரே நேரம், நடுவகிடு, மேலிருந்து. மகளையோ மருமகளையோ எடுக்கச் சொல்லலாம். தினமும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது, கவலைதான் கூடும். முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு வாரத்தில் தெரிய என்ன இருக்கிறது?

ஏன் இந்த வயதில்

ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு ஓய்ந்து விழும், அதே பையிலிருந்து புதிது முளைக்கும். மெலிவு தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைந்து, முளைக்கிற முடி முன்னதை விட மெல்லியதாகவும் குட்டையாகவும் வரும். கடைசியில் குழந்தை ரோமம் போல ஆகிவிடும். எண்ணிக்கை குறைவதற்கு முன்பே தலை மெலிந்து தெரிவது இதனால்தான். மாதவிலக்கு நிற்கிற காலத்தை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது பலருக்கு இது வேகமெடுக்கிறது. வம்சமும் சேரும், அப்பா வழியும் அம்மா வழியும் இரண்டுமே. திருஷ்டி, தண்ணீர், மாமியார் கொடுமை என்று காரணம் தேட வேண்டாம். நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை.

ரத்தம் பார்ப்பது

வயதுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், விட்டமின் டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் முடி போகும். அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமித்து வைத்த இரும்பின் அளவு. 15க்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முடிக்கு 40க்கு மேல் இருந்தால் நல்லது என்று சொல்லும் தோல் மருத்துவர்கள் உண்டு. காய்ச்சலோ வேறு வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். உடம்பு தேறிய பிறகு பாருங்கள். 45க்கு மேல் மாதவிலக்கு தாறுமாறாகி ரத்தம் அதிகம் போகிறவர்களுக்கு இரும்பு குறைவது இயல்பு. ஆனால் அவர்கள் மாத்திரையோடு நிறுத்திவிடாமல் ஏன் இவ்வளவு போகிறது என்று பெண்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே போக வேண்டும். அது முடி விஷயத்தை விடப் பெரிது.

இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பர்மாவில் தலசீமியா கூறும் ஹீமோகுளோபின் ஈ என்ற கூறும் உடம்பில் இருப்பவர்கள் நிறைய. இவை ரத்தத்தில் பரம்பரையாக வருபவை. நம் குடும்பங்களிலும் கலப்புக் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக உண்டு. இந்தக் கூறு இருக்கிறவர்களுக்கு ரத்தம் குறைவாகவும் சிவப்பணு சிறிதாகவும் காட்டும். பார்த்தால் இரும்புக் குறைவு போலவே இருக்கும், ஆனால் இரும்பு இருப்பு சரியாகவே இருக்கும். அவர்கள் யாரோ சொன்னார்கள் என்று வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கினால் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரும். ஆகவே ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒத்துக்கொண்டது என்பது காரணம் ஆகாது.

முடிக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும். சாதாரணமாகச் சாப்பிடுகிற எவருக்கும் பயோட்டின் குறைவது அபூர்வம். ஆனால் அதிக அளவில் எடுத்தால் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு அளவு தவறாக வரலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் பரிசோதனை கூடப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க மருந்து நிர்வாகமே 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நமக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. காலையில் பேப்யோ பட்டாணியும் ரொட்டியும், மத்தியானம் மீனோ முட்டையோ பருப்போ, சாயங்காலம் கடலை மாவு டோஃபு. முடி புரதத்தால் ஆனது, ஒவ்வொரு வேளையிலும் புரதம் கொஞ்சம் இருக்கட்டும். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சேர எலுமிச்சை போலப் புளிப்பாக, விட்டமின் சி உள்ளது ஏதாவது கூட இருந்தால் நல்லது. தடுப்பது டீ. சாப்பிட்டுக் கை கழுவியதுமே டீக்கடையில் உட்காருவதும், சாப்பாட்டோடு லப்பெட் என்ற ஊறவைத்த தேயிலை வைத்துக்கொள்வதும் நம் ஊர்ப் பழக்கம். டீயில் இருக்கும் துவர்ப்பு அந்த வேளையின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். டீயை விட வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மினாக்சிடில்

மெலிவுக்கு மருந்து என்று நிரூபித்துக் காட்டப்பட்டவற்றில் முதலில் நிற்பது மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரை இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் பெண்களுக்கு 2 சதவீதத் திரவம் 1991இலும் 5 சதவீத நுரை 2014இலும் அனுமதி பெற்றன. திரவமானால் காலையும் இரவும் 1 மில்லி, நுரையானால் நாளுக்கு ஒருமுறை அரை மூடி.

தடவும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முடியில் பூசிப் பயனில்லை, தோலில் பட வேண்டும். தலை காய்ந்திருக்கும்போது நடுவகிடு எடுத்து அதில் சில சொட்டு விட்டு விரலால் பரப்புங்கள். அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு, அப்புறம் அடுத்தது. உச்சி முழுக்க இப்படி. எண்ணெய் வைத்த தலையில் தடவாதீர்கள். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே தடவிவிட்டால் தலையணையில் ஒட்டி அங்கிருந்து முகத்துக்கு வராது. வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். பூனைக்கு மினாக்சிடில் கொஞ்சம் பட்டாலும் உயிருக்கு ஆபத்து. தலையணையில் பூனை படுக்கிற வீட்டில் இதைப் பற்றி முதலில் யோசியுங்கள்.

ஆரம்பித்த சில வாரத்தில் முடி முன்பை விட அதிகம் கொட்டலாம். இங்கேதான் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஓய்வில் இருந்த பழைய முடிகளைத் தள்ளிக்கொண்டு புதியவை கிளம்புவதால் வரும் கொட்டல் அது. சில வாரத்தில் அடங்கும். பலன் தெரிய 4 முதல் 6 மாதம், முழுப் பலன் ஒரு வருடம். பலன் என்றால் இருபது வயதுக் கூந்தல் திரும்பி வராது. பலருக்கு மேற்கொண்டு மெலியாமல் நிற்கும், சிலருக்கு வகிடு ஓரளவு மூடும். சிலருக்கு ஒன்றுமே ஆகாது. அதையும் ஒரு வருடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நிறுத்தினால் கிடைத்தது மூன்று முதல் ஆறு மாதத்தில் போய்விடும். வாழ்நாள் பழக்கமாக எடுத்துக்கொள்ள முடியுமா, மாதா மாதம் வாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுத்தான் தொடங்க வேண்டும். தடைபட்டுத் தடைபட்டுத் தடவுவதில் பயனில்லை.

தோல் அரித்துச் சிவந்தால், அது பெரும்பாலும் திரவத்தில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலால். நுரைக்கு மாறினால் சரியாகலாம். கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய ரோமம் வரலாம். நிறுத்தினால் மறையும். நெஞ்சு படபடத்தாலோ கால் வீங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் இருப்பவர்கள் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். 45இல் மாதவிலக்கு தள்ளிப் போகிறது என்றாலும் கர்ப்பத்துக்கு வாய்ப்பு இன்னும் இருக்கிறது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் இது கூடாது.

இதே மருந்தைக் குறைந்த அளவில் மாத்திரையாகவும், ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு போன்ற ஹார்மோன் பக்க மருந்துகளையும் மருத்துவர்கள் கொடுப்பது உண்டு. ஒன்று ரத்த அழுத்தத்தைத் தொடும், ஒன்று பொட்டாசியத்தை ஏற்றும், ஒன்று கருவில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கும். இவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற வேலை வேண்டவே வேண்டாம். பேர் எழுதாத, முத்திரை இல்லாத புட்டியில் ஊற்றி "ஒரு மாசத்தில் முளைக்கும்" என்று விற்பதையும் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

தலை கழுவுவது

தலைக்குத் தண்ணீர் விட்டால் முடி கொட்டும் என்று வாரம் ஒருமுறை மட்டும் கழுவுகிறவர்கள் பலர். விழ வேண்டிய முடிதான் விழுகிறது, நாள் தள்ளினால் சேர்ந்து விழும். ரங்கூன் வேர்வைக்கு வாரம் இரண்டு மூன்று முறை கழுவலாம். பொடுகும் அரிப்பும் இருந்தால் கெட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள்.

பர்மியர் தலை கழுவும் தயோ கின்புன் நம் வீடுகளிலும் புழங்குவதுதான். தெய்ன்ஜி மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகத் தயோ பட்டையும் கின்புன் காயும் கிடைக்கும், கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய். காயை வேகவைத்து, நசுக்கிய பட்டையை ஊறப்போட்டுப் பிசைந்தால் வழவழவென்று வரும், அதை வடிகட்டித் தலையில் தேய்க்க வேண்டும். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்குப் பர்மியர் தலை கழுவுவதும் நம் சித்திரை முதல் நாள் தலை முழுக்கும் ஏறக்குறைய ஒரே வேளையில் வருவதால், அந்த வாரம் முழு ஊரும் ஒரே வாசனையாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வாசனை அது. மெலிந்த முடிக்கு இதில் உண்மையான நன்மை, வழவழப்பால் சிக்கு குறைந்து சீவும்போது உடையாமல் இருப்பது. முடியை முளைக்க வைக்காது. பையில் கட்டி விற்பது சீக்கிரம் புளித்துவிடும், அன்றன்றைக்கு வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டில் செய்யுங்கள். கண்ணில் பட்டால் எரியும்.

தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதைதான். கழுவுவதற்கு முன் தடவினால் முடித்தண்டிலிருந்து புரதம் கழுவிப் போவதை அது குறைக்கிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். எனவே இருக்கிற முடி உடையாது. தோலுக்குள் போய் வேரை எழுப்பும் சக்தி அதற்கு இல்லை. முந்தின இரவு நுனி வரை லேசாகத் தடவிக் காலையில் கழுவுங்கள், போதும். கோயிலில் வேண்டிக்கொண்டு மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் முதலில் கனமாகத் தோன்றும், அவ்வளவே. வேண்டுதலுக்குப் போடுங்கள், வைத்தியத்துக்கு வேண்டாம்.

கட்டுவதும் முடிப்பதும்

இது என் தொழில், இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வகிட்டோரத்திலும் காதுக்கு முன்னாலும் முடி போனவர்களில் பலருக்கு இழுத்துக் கட்டியதே காரணம். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இழுவை பட்டால் அந்த இடத்து முடிப்பைகள் வடுவாகி நிரந்தரமாக மூடிவிடும். கட்டி முடித்ததும் கண்ணோரம் இழுப்பது போல இருந்தாலோ, இரவு அவிழ்க்கும்போது தோல் வலித்தாலோ அது இறுக்கம். கொண்டையைத் தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள். ஒருநாள் கழுத்தோரம், ஒருநாள் பக்கவாட்டில், வீட்டில் இருக்கும்போது தளர்ந்த பின்னல். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றியது. ஈரத்தோடு கட்டாதீர்கள், ஈர முடி இழுத்தால் நீண்டு அறும்.

சவுரியை மெலிந்த முடியில் கட்டித் தொங்கவிடுவது மிகக் கெடுதல். அதன் பாரம் முழுதும் உங்கள் சொந்த முடியின் சில இழைகளில் தொங்குகிறது. அவசியம் வேண்டுமென்றால் சவுரியை அரைப் பின்னலுக்குக் கீழே சேர்க்கச் சொல்லுங்கள், வேரோரத்தில் அல்ல, விசேஷம் முடிந்த அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். பூவும் அப்படித்தான். காளி கோயில் பக்கம் மல்லிகைச் சரம் வாங்கி ஐந்து முழம் ஒரே ஊசியில் மாட்டுவதை விட, கொண்டையைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் ஊசி போட்டால் பாரம் பிரியும். பார்க்கவும் பூ அதிகம் போலவே தெரியும்.

வெட்டிக்கொள்ளத் தயங்காதீர்கள். இடுப்பு வரை இருக்கிற மெல்லிய முடியில் உச்சியின் வெறுமை அதிகம் தெரியும். தோள் வரை வெட்டினால் நுனி ஒரே மட்டமாக நின்று கனமாகத் தோன்றும். படிப்படியாக வெட்டிய பாணி உச்சிக்கு உதவும், நுனியில் அதிகம் படி வேண்டாம். என் அம்மா வயதுப் பெண்கள் வெட்டுவதை அபசகுனம் என்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், நுனி பிளந்துவிட்டது என்று சொல்லி வெட்டிக்கொள்ளுங்கள்.

நரைக்குப் போடும் கருஞ்சாயம் முடி வேரைக் கொல்லாது. ஆனால் அதில் இருக்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்குத் தோலில் கொப்புளமும் முக வீக்கமும் கொண்டுவரும், அதன் பின்னால் முடியும் கொட்டும். பல வருடம் ஒத்துக்கொண்டவர்களுக்கும் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். கடையில் கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் இதுதான் கலந்திருக்கும். தோல் வெளுப்பாகவும் சாயம் நல்ல கறுப்பாகவும் இருந்தால் வகிடு இன்னும் பளிச்சென்று காட்டும். கரும்பழுப்புக்கு இறங்கினால் அந்த வித்தியாசம் குறையும். மாநிறத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

மறைப்பது

மருந்து வேலை செய்ய மாதக்கணக்காகும். அதுவரை மறைப்பதில் வெட்கம் எதற்கு? வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் சீப்பு முனையால் வளைத்து வளைத்து எடுத்தால் தோல் ஒரு கோடாகத் தெரியாது. பக்க வகிட்டுக்கு மாறினால் அடர்த்தியான பக்கத்திலிருந்து முடி வந்து மூடும். உச்சிக்குத் தூவும் கெரட்டின் தூள் இப்போது கிடைக்கிறது. முடி நிறத்துக்கு ஒரு படி கருமையாக வாங்கி, காய்ந்த முடியில் சிறிது சிறிதாகத் தூவிக் கையால் தட்டிவிடுங்கள். மினாக்சிடில் தடவினால் அது நன்றாகக் காய்ந்த பிறகு தூள். வேர்வையையும் தூறலையும் ஓரளவு தாங்கும், திஞ்சான் தண்ணீரைத் தாங்காது. அந்த நாலு நாளும் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தூள் இல்லாவிட்டால் கண்மைப் பொடியைப் பழைய தூரிகையில் தொட்டு வகிட்டோரம் ஒற்றினாலும் போட்டோவுக்குப் போதும். நாங்கள் மேக்கப்பில் செய்வது அதுதான்.

மெலிவு இரண்டாம் படியைத் தாண்டியவர்களுக்கு உச்சியில் மட்டும் வைக்கும் சின்ன விக்கான டாப்பர் நல்லது. நீள முடியை வெட்டி விற்கிற பழக்கம் பர்மாவில் நெடுநாளாக உண்டு, அந்த முடி விக் செய்ய வெளிநாடுகளுக்கும் போகிறது. உண்மை முடியில் செய்ததாக, உங்கள் நிறத்துக்குப் பொருத்தமாக, கனமில்லாததாகத் தேடுங்கள். கிளிப்பை மெலிந்த இடத்தில் மாட்டாமல் சுற்றியுள்ள அடர்ந்த முடியில் மாட்டி, அடிக்கடி இடத்தைச் சற்று நகர்த்துங்கள். இரவில் கழற்றி வையுங்கள். தோல் தெரிகிற உச்சி வெயிலில் கருகும், ஆகவே மத்தியான வெயிலில் குடை வேண்டும். பாத்தெய்ன் குடை பிடித்துக்கொண்டு போனால் அழகாகவும் இருக்கும்.

காத்திருக்கக் கூடாத சமயம்

சில அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். காசு அளவில் வட்டமாக வழுவழுவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு, அதற்கு வேறு மருந்து. தோல் சிவந்து, எரிந்து, சீழ் பிடித்து, அல்லது முடித்துவாரமே தெரியாமல் வழவழப்பாக ஆகியிருந்தால் முடிப்பை வடுவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வடுவான இடத்தில் திரும்ப வராது, ஒவ்வொரு வாரமும் முக்கியம். நெற்றி வரிசை பின்னால் போய், புருவமும் உதிர்ந்தால் அது மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வரும் ஒரு தனி வகை. 1994இல்தான் ஆஸ்திரேலியாவில் கோசார்டு என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். இதைச் சாதாரண மெலிவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் பழைய போட்டோவோடு நெற்றியை ஒப்பிட்டுப் பாருங்கள். முடி மெலிவோடு சில மாதத்தில் குரல் தடித்து, மோவாயில் கட்டை ரோமம் முளைத்தால் ஹார்மோன் பார்க்க வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது தலையில் எண்ணெயும் தூளும் வேண்டாம். கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பத்தில் உங்கள் படம் ஒன்றும் இருக்கட்டும். ஆரம்பித்தது எப்போது, அதற்கு முந்தின ஆறு மாதத்தில் என்ன நடந்தது, அம்மாவுக்கும் அத்தைகளுக்கும் முடி எப்படி என்று எழுதிக்கொண்டு போனால் நல்லது. பர்மியச் சயாமாவிடம், அதாவது பெண் மருத்துவரிடம், பேசத் தயக்கமிருந்தால் பள்ளியில் பர்மியம் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள், மாதவிலக்கு விவரத்தை மட்டும் முன்பே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மினாக்சிடில் தொடங்குவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள், ஒரு மாதம் முன்னால் வேண்டாம், முதலில் வரும் கொட்டலில் மனசு உடைந்துவிடும். சாயத்தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போடாமல் பத்து நாள் முன்பே போட்டுப் பாருங்கள். தலை கழுவுவது முந்தின நாள் காலை, எண்ணெய் இல்லாமல். அலங்காரம் செய்கிறவரிடம் உச்சியைத் திறந்து காட்டிவிடுங்கள். மறைத்தால் அவர் வழக்கம் போல இழுத்துத்தான் கட்டுவார்.